தேய்ந்த எஞ்சினைப் பிரித்துப் புதுக்குதல்

மோட்டார் வண்டியொன்று முதுமையடைந்து, மேட்டில் ஏறமாட்டாது இளைத்து, பின்னே நீலப்புகையைப் பரப்பிக்கொண்டு செல்லுமாயின், "எஞ்சின் தேய்ந்துவிட்டது" என்று வழிச்செல்வோரும் எளிதிற் கூறிவிடுவர். எந்த உறுப்புத் தேய்ந்தது, எப்பக்கத்தில் தேய்ந்தது, எவ்வளவு தேய்ந்தது, அத்தேய்வு பொறுக்கத்தக்கதோ அன்றோ என்று வினவின், விடை கூறவல்லார் சிலரே. எஞ்சினைக் கழற்றுதல் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த எவர்க்கும் இயலும். புதிய உறுப்புகளை விலைக்கு வாங்கிப் பூட்டுதலும் அத்துணை அரிதன்று. இவ்விரண்டிற்கும் இடையே, கழற்றிய உறுப்புகளை நோக்கி, அளந்து, இது நிற்கும், இது நில்லாது என்று தீர்ப்புக் கூறுதலே இத்தொழிலின் உயிர்நிலை. அதனை ஒரு வண்டியைக்கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் மாணவர்க்கு இப்பொருளில் என்ன உரிமை என்று நேயர் சிலர் நகைக்கவும் கூடும். விடுமுறையில் நாடோறும் கண்ணாற் கண்டதையும், கண்டபின் நூல்களில் தேடிக் கற்றதையுமே எழுதுகின்றோம். அவ்வளவே எமது உரிமை.

வண்டி, பின்புறம் தொட்டி கட்டிய பழைய வில்லிஸ் பிக்கப். திண்டுக்கல்லை அடுத்த சிறுமலைத் தோட்டங்களினின்று வாழைத்தார் இறக்குதல் அதன் தொழில். உரியவர் ஒரு குடியானவர். வண்டி அவர் தந்தையார் காலத்தில் வந்தது. அவ்வாண்டு தார் விற்ற பணத்தில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கிவைத்திருந்தார். எஞ்சின் தேறுமாயின் அப்பணத்தைச் செலவிடுவது, தேறாதாயின் வண்டியை எடைக்குப் போட்டுவிட்டு வாடகை வண்டிக்குத் தார் ஏற்றுவது என்பது அவர் கருத்து. வாடகை கொடுத்தால் தாருக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. ஆகவே பட்டறை மேஸ்திரி கூறப்போகும் சொல்லுக்கு அவர் குடும்பத்தின் ஓராண்டு வாழ்வு காத்திருந்தது.

இனி எஞ்சினைப்பற்றிச் சிறிது கூறுவாம். அமெரிக்க நாட்டின் வில்லிஸ் ஓவர்லண்டு நிறுவனத்தார் தம்மிடமிருந்த 48 குதிரைத்திறனுள்ள சிறிய எஞ்சினைத் திருத்துமாறு 1938இல் பார்னி ரூஸ் என்னும் பொறியாளரைத் தலைமைப் பதவியில் அமர்த்தினர். அவர் அவ்வெஞ்சினின் உருவை மிகுதியும் மாற்றாமலே அதன் ஆற்றலை 60 குதிரைத்திறனாக உயர்த்தினார். இரண்டாம் உலகப்போரின் ஜீப்புகளை இழுத்தது இதுவே. போர் முடிந்து 1947இல் வெளிவந்த வில்லிஸ் பிக்கப் வண்டியில் அமைந்ததும் இதுவே. சிலிண்டர் நான்கு, ஒவ்வொன்றின் உள்விட்டம் 3⅛ அங்குலம், பிஸ்டன் மேலுங் கீழும் செல்லும் தொலைவு 4⅜ அங்குலம், மொத்தக் கொள்ளளவு 134.2 கன அங்குலம். இதன் வால்வுகள் மேலே ஹெட்டினின்று தொங்குவன அல்ல. சிலிண்டரின் ஒருபுறமாகப் பிளாக்கிலேயே நிமிர்ந்து நிற்பன. ஆதலின் ஹெட் என்பது ஒரு கனத்த மூடியேயாம். அதனை எடுத்தவுடன் நான்கு பிஸ்டன்களும் எட்டு வால்வுகளும் ஒருங்கே கண்ணுக்குப் புலனாகும். கற்பார்க்கு இதனினும் நல்ல எஞ்சின் கிடைப்பதரிது. இக்காலத்து எஞ்சின்கள் இதனைவிடப் பன்மடங்கு திறமுடையன ஆயினும், அவை தம்மை இவ்வாறு எளிதிற் காட்டிக்கொள்வதில்லை.

மேஸ்திரி ஸ்பானரைத் தொடுமுன்னரே தமது ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டார். எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டு, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் அழுத்தமானியை வைத்துச் சுழற்றிப் பார்த்தார். மூன்று சிலிண்டர்களில் முள் சதுர அங்குலத்திற்கு 80 பவுண்டிற்கு மேல் ஏறியது. மூன்றாம் சிலிண்டரில் மட்டும் 60இல் நின்றது. பின்னர் அம்மூன்றாம் சிலிண்டருக்குள் ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் சுழற்றினார். முள் 80ஐ எட்டியது. எண்ணெய் பிஸ்டனைச் சுற்றி நின்று ரிங்குகளின் இடைவெளியைச் சிறிதுபொழுது அடைக்கும். ஆனால் வால்வின் கசிவை அடைக்கமாட்டாது. ஆகவே எண்ணெய் விட்டபின் அழுத்தம் உயருமாயின் நோய் ரிங்கிலும் சிலிண்டரிலும் உள்ளது. உயராதாயின் வால்விலோ கேஸ்கட்டிலோ உள்ளது. ஒரு கரண்டி எண்ணெயால் இத்தனை பெரிய செய்தி வெளிப்படுவது கண்டு யாம் வியந்தோம்.

பட்டறை மொழியைப்பற்றி இவ்விடத்தில் ஒன்று சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. அங்கே வழங்கும் பெயர்ச்சொற்கள் பிஸ்டன், ரிங், வால்வு, பேரிங் என எல்லாம் ஆங்கிலம். வினைச்சொற்களோ எல்லாம் தமிழ். எஞ்சின் ஆயில் குடிக்கிறது, புகை தள்ளுகிறது, மேட்டில் இழுக்கமாட்டேன் என்கிறது, அடியில் தட்டுகிறது, சூடு வாங்குகிறது என்றே பேசுகின்றனர். இவ்வினைகளுள் ஒன்றேனும் மொழிபெயர்ப்பாகத் தோன்றவில்லை. மாட்டையும் குழந்தையையும் பற்றிப் பேசிவந்த வாயே எஞ்சினைப்பற்றியும் பேசுகின்றது. கலைச்சொல் ஆக்குவோர் பெயர்களை நாடுமளவிற்கு இவ்வினைகளையும் நாடினால் நன்றாயிருக்கும்.

பிரித்தலில் முதல் விதி துடையாதிருத்தல். அழுக்கே சான்று. எண்ணெய்ப் பிசுக்கு எங்கே படிந்துள்ளது, கரி எந்நிறத்தது, கேஸ்கட்டில் நெருப்புச் சென்ற தடம் உளதோ இலதோ என்பனவற்றையெல்லாம் கண்டு குறித்துக்கொண்ட பின்னரே மண்ணெண்ணெயும் துணியும் வரவேண்டும். இரண்டாம் விதி எண்ணிடுதல். ஒவ்வொரு கனெக்டிங் ராடும் தன் மூடியோடு சேர்த்துக் கடையப்பட்டது. இரண்டாம் ராடின் மூடியை மூன்றாம் ராடிற்கு இட்டாலும், தன் மூடியையே திருப்பி இட்டாலும் வட்டம் வட்டமாக இராது. ஆதலின் கழற்றுமுன்னர் ராடிலும் மூடியிலும் ஒரே எண்ணைப் புள்ளிகளாகக் குத்திவிடுதல் வேண்டும். வால்வுகளும் அவ்வாறே, எட்டுத் துளையிட்ட ஒரு பலகையில் வரிசையாக நிறுத்தப்பட்டன. பழஞ்சுவடியின் கயிற்றை அவிழ்ப்போர் முதலில் ஏடுகளின் எண்ணைச் சரிபார்ப்பர். ஏடு முறைமாறிய சுவடியில் பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதே தெரியாதுபோம். அந்நினைவு எமக்கு அப்பலகையைக் கண்டபோது வந்தது.

ஹெட்டை எடுத்தபின் கண்டவை பல. முதல், இரண்டு, நான்காம் பிஸ்டன்களின் மேல் உலர்ந்த சாம்பல்நிறக் கரி. மூன்றாவதன்மேல் ஈரமான கருங்கரி. எண்ணெய் அங்கே ஏறி எரிந்துள்ளது என்பதற்கு அது சான்று. கரியைச் சுரண்டியபோது பிஸ்டன்களின் தலையில் 20 என்னும் எண் பொறித்திருக்கக் கண்டோம். அவ்வெண் மிக இன்றியமையாதது. அங்குலத்தை ஆயிரங் கூறிட்டால் ஒரு கூற்றைப் பட்டறையில் 'தௌ' என்பர். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ மூன்று தௌ. பிஸ்டனில் 20 என்றிருத்தலால், இந்த எஞ்சின் முன்னரே ஒருமுறை தேய்ந்து, 20 தௌ அகலமாகக் கடையப்பட்டு, பெரிய பிஸ்டன் பெற்றுள்ளது என்று அறிந்தோம். உரியவர்க்கு அச்செய்தி புதிது. தந்தையார் காலத்தில் நடந்திருக்கவேண்டும் என்றார்.

சிலிண்டரின் மேல்விளிம்பிற்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்து மேல்நோக்கி இழுத்தால், ஓரிடத்தில் நகம் தடுக்கும். அதனைப் 'படி' என்று கூறலாம். மேல் ரிங் எட்டுமளவும் சிலிண்டர் தேய்ந்து, எட்டாத மேற்பகுதி தேயாமல் நிற்பதனால் உண்டாவது அது. சிலிண்டர் எங்கும் ஒப்பத் தேய்வதில்லை. அப்படியின் அடியிலேதான் தேய்வு மிகுதி. காரணம் யாதெனின், பிஸ்டன் மேலே சென்று திரும்பும் அந்நொடியில் அது கணம் நின்றுபோகின்றது. எண்ணெய்ப் படலம் அசைவினால் நிலைபெறுவதாகலின், அசைவு நின்றவிடத்தில் அஃது அறுந்துபோகின்றது. அவ்விடத்திலேயே வெப்பமும் மிகுதி. எரியும் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து அதனைச் சுவரோடு அழுத்துவதும் அவ்விடத்திலேயே. கீழே செல்லச்செல்ல எண்ணெய் மிகும், வெப்பம் குறையும், தேய்வும் குறையும். அன்றியும், கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளுவதனால் பிஸ்டன் இருபக்கச் சுவர்களையே மிகுதியும் உராய்கின்றது. முன்னும் பின்னும் அத்துணை இல்லை. ஆதலின் வட்டம் முட்டைவடிவாகின்றது.

மேஸ்திரி உள்விட்டமானியை இறக்கி ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்றிடத்தும், ஒவ்வோரிடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இருமுறையும் அளந்து, சுவரிற் சுண்ணத்தால் எழுதினார். மூன்றாம் சிலிண்டரின் மேலிடத்தில் தேய்வு 12 தௌ. அடியில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. மற்ற மூன்றும் ஏழு முதல் ஒன்பது.

அப்போது உரியவர், எல்லா வண்டிக்காரரும் கேட்கும் அக்கேள்வியைக் கேட்டார்: "ரிங்கை மட்டும் மாற்றிப் போட்டுவிடக் கூடாதா, மேஸ்திரி?"

"போடலாம், ஐயா. இரண்டு மூன்று மாதம் புகை நிற்கும். பிறகு மறுபடியும் என்னிடம் வரவேண்டும், அப்போது ரிங் போட்ட செலவு வீண்" என்றார் மேஸ்திரி.

சொன்னதோடு அவர் நிற்கவில்லை. புதிய ரிங் ஒன்றை எடுத்துச் சிலிண்டரின் அடியில் வைத்து, அதன் இருமுனைகளுக்கும் இடையே பீலர் கேஜைச் செலுத்தி அளந்து காட்டினார்; இடைவெளி 10 தௌ. அதே ரிங்கை மேலே தேய்ந்த இடத்தில் வைத்து அளந்தார். இடைவெளி 48 தௌ ஆயிற்று. இதன் கணக்கு நாம் பள்ளியிற் கற்றதே. விட்டம் 12 மிகுந்தால் சுற்றளவு 12ஐ 22/7ஆற் பெருக்கிய அளவு, அஃதாவது ஏறத்தாழ 38 மிகும். அந்த 38உம் ரிங்கின் வாயில் வந்து சேரும். எஞ்சின் நிமிஷத்திற்கு 2,000 முறை சுழலும்போது பிஸ்டன் 4,000 முறை மேலுங் கீழும் செல்கின்றது. அத்தனை முறையும் ரிங் 38 தௌ விரிந்தும் சுருங்கியும் தன் பள்ளத்தில் உரசவேண்டும். எந்த இரும்பும் இதனை நெடுநாள் பொறாது. இதனினும் பெருங்கேடு ஒன்றுண்டு. பழைய ரிங்கின் மேல்முனை படியின் வடிவிற்கேற்பத் தேய்ந்து உருண்டிருக்கும். புதிய ரிங்கின் முனையோ கூரியது. படியை நீக்காமற் புதிய ரிங்கைப் பூட்டினால், முதல்நாளே அம்முனை படியில் மோதும். ரிங் உடையும், அல்லது பிஸ்டனில் ரிங் அமரும் இடையிரும்பு விரியும். மலிவாகச் செய்த வேலை எஞ்சினையே கொன்ற கதைகள் பெரும்பாலும் இவ்வகையினவே என்றார் மேஸ்திரி.

தேய்வுக்குக் காரணம் யாது? எஞ்சினைப் புதுக்கிவிட்டுக் காரணத்தை அப்படியே விட்டுவைத்தால் புதியதும் அதே வழியிற் போகுமன்றோ? ரிங்குகளே விடை கூறின. மேல் ரிங்கின் முகம் மழுங்கிய சாம்பல்நிறமாய், நெடுக்கே நுண்கோடுகள் கீறப்பட்டு, மற்ற இரண்டினும் மிகுதியாகத் தேய்ந்திருந்தது. மணல் எண்ணெய் வழியே வந்திருப்பின் அடியிலுள்ள எண்ணெய் ரிங்கே முதலில் மிகுதியாகத் தேயும். காற்று வழியே வந்திருப்பின் மேல் ரிங் தேயும். உடனே காற்றுவடியைத் திறந்து பார்த்தனர். வில்லிஸ் வண்டியின் காற்றுவடி அடியில் எண்ணெய் நிற்கும் ஒரு கிண்ணம். உள்ளே புகும் காற்று அவ்வெண்ணெயின்மேல் திரும்பித் தூசியை அதில் விட்டுச்செல்லும். அக்கிண்ணத்தில் எண்ணெய் ஒருதுளியும் இல்லை. செம்மண் களிபோல் காய்ந்து கிடந்தது. மலைச்சாலையின் தூசி எத்தனை ஆண்டுகள் நேரே சிலிண்டருக்குள் சென்றதோ! ஒரு கிண்ணம் எண்ணெய் விலை எவ்வளவு, ஒரு ரீபோர் விலை எவ்வளவு என்று உரியவர் வாய்விட்டுக் கணக்கிட்டார். யாரும் மறுமொழி கூறவில்லை.

இனித் தீர்ப்பு. இந்த எஞ்சினுக்கு 10, 20, 30, 40 தௌ மிகுதியான பிஸ்டன்கள் கிடைக்கும். முன்னரே 20 ஆயிற்று. மூன்றாம் சிலிண்டரின் 12 தௌ தேய்வு, ஒருபக்கம் 8உம் எதிர்ப்பக்கம் 4உமாக இருந்தது. 30க்குக் கடைந்தால் பக்கத்திற்கு 5 தௌதான் எடுபடும். 8 தௌ ஆழமுள்ள பள்ளம் மறையாது. 40க்குக் கடைந்தால் பக்கத்திற்கு 10 எடுபடும். பள்ளம் மறையும், சிறிது மிஞ்சவும் செய்யும். ஆகவே 40 என்று முடிவாயிற்று. அதுவே கடைசி அளவு. அடுத்தமுறை தேய்ந்தால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் இறக்குவதன்றி வேறு வழியில்லை.

ஆனால் அம்முடிவுக்கு முன்னே இன்னொரு வினா நின்றது. மூன்றாம் சிலிண்டரின் வெளிப்போக்கு வால்வின் இருக்கையினின்று சிலிண்டரை நோக்கி மயிரிழைபோன்ற ஒரு கோடு தென்பட்டது. பக்கவால்வு எஞ்சின்களில் அவ்விடம் குறுகியது. கனல் வீசும் வெளிப்போக்கு ஒருபுறமும் சிலிண்டர் மறுபுறமுமாக அதனை வாட்டும். விரிசல் சிலிண்டருக்குள் இறங்கியிருப்பின் அப்பிளாக்கைக் கடைவது வீண். வண்டி எடைக்கே போகவேண்டும். மேஸ்திரி அவ்விடத்தைத் தூய்மைசெய்து மண்ணெண்ணெய் தடவிச் சிறிதுநேரம் ஊறவிட்டார். பின்னர் உலர்ந்த துணியால் நன்கு துடைத்து, சுண்ணப்பொடியைத் தூவினார். விரிசல் உண்மையாயின் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து வெண்பொடியிற் கருங்கோடாகத் தோன்றும். உரியவர் குனிந்து நின்று அப்பொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அரைமணி ஆயிற்று, கோடு தோன்றவில்லை. எப்போதோ யாரோ கரி சுரண்டியபோது விழுந்த கீறல் அது. "பிளாக் தப்பித்தது" என்று மேஸ்திரி சொன்னபின்னரே தேநீர் வந்தது.

கிராங்க் தண்டைப்பற்றி விரித்தெழுத வேண்டுவதில்லை. கனெக்டிங் ராடு பற்றும் கழுத்தின் விட்டம் இந்த எஞ்சினில் 1 15/16 அங்குலம். இரண்டாங் கழுத்து இரண்டரைத் தௌ முட்டைவடிவாயிருந்தது. அதனைப் பற்றிய பேரிங்கின் மெல்லிய உலோகத்தில் மணற்றுகள்கள் பதிந்து மின்னின. பேரிங்கை மென்மையான உலோகத்தாற் செய்வது தவறி வந்த துகள் அதில் அமிழ்ந்துவிடற்பொருட்டே. ஆயினும் அளவு மிகின் அது சாணைக்கல்லாக மாறிக் கழுத்தையே தேய்க்கும். எல்லாக் கழுத்துகளையும் 10 தௌ குறைத்துக் கடைந்து, அவ்வளவு தடித்த பேரிங் இடுவதென முடிவாயிற்று.

கடைசல் வேலை லேத்துப் பட்டறையில் நடந்தது. பிஸ்டன்களைக் கையில் வாங்கி அளந்த பின்னரே சிலிண்டரைக் கடைய வேண்டும். அளவெண்ணை நம்பி முன்னரே கடைந்துவிடுதல் ஆகாது. கடைசற் கத்தி இறுதி இரண்டு தௌவை விட்டுவைக்கும். அதனைச் சாணைக்கற்கள் பொருத்திய ஹோன் கருவி மேலுங் கீழும் சென்றுகொண்டே சுழன்று எடுக்கும். சுவரில் குறுக்குமறுக்காக வலைபோன்ற நுண்கோடுகள் விழும். கண்ணாடிபோல் வழவழப்பாயிருப்பதே நன்று என்று நாம் எண்ணுவோம்; அங்ஙனமாயின் எண்ணெய் தங்க இடமின்றிப்போம். பிஸ்டன் பொருத்தத்தைக் காண ஒரு நல்ல முறையுண்டு. 3 தௌ தடிப்புள்ள நீண்ட பீலர் நாடாவைச் சுவரோரம் இட்டு, பிஸ்டனைத் தலைகீழாக உள்ளே செலுத்தி, நாடாவை ஒரு வில்தராசால் இழுப்பர். 5 முதல் 10 பவுண்டு இழுவையில் நாடா வருமாயின் பொருத்தம் சரி.

ஹோன் செய்த சிலிண்டரைக் கழுவுதல் யாம் கண்டவற்றுள் மிக எளியதும், மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும் ஆகும். பெட்ரோலாலும் மண்ணெண்ணெயாலும் கழுவினால் எண்ணெய் போகும். கல்லின் பொடியோ நுண்கோடுகளுக்குள் அப்படியே தங்கும். அப்பொடியோடு எஞ்சினைப் பூட்டினால், முதல் நூறு மைலிலேயே புதிய ரிங்குகளை அது தின்றுவிடும். வெந்நீரும் சோப்பும் நாரும் கொண்டே தேய்க்க வேண்டும். மேஸ்திரியின் பையன் ஒருவன் பதினான்கு பதினைந்து முறை தேய்த்தான். ஒவ்வொரு முறையும் வெள்ளைத்துணியால் துடைத்துக் காட்டினான். துணியிற் சாம்பல்நிறம் தோன்றும்வரை மேஸ்திரி தலையசைக்கவில்லை. துணி வெள்ளையாகவே வந்தபின் உடனே எண்ணெய் பூசப்பட்டது. பூசாவிடின் பச்சை இரும்பு ஒருமணி நேரத்திற் செந்நிறமாகிவிடும். பழைய பிளாக்கின் களிம்பை நீக்கக் காஸ்டிக் சோடா நீரில் ஊறவைப்பதும் உண்டு. அத்தொட்டியில் அலுமினியப் பிஸ்டனை மறந்தும் இடலாகாது, அது கரைந்துபோம்.

எண்ணெய்க் கால்வாய்களைத் துப்புரவு செய்ததும் அவ்வாறே பொறுமையான வேலை. இந்த எஞ்சினில் எண்ணெயை உறிஞ்சும் வாய், அடித்தொட்டியின் சேற்றைத் தொடாமல் மிதந்து நிற்குமாறு அமைந்துள்ளது. நல்ல ஏற்பாடு. ஆயினும் அதன் வலையைச் சேறு பாதி மூடியிருந்தது.

வால்வு வேலையிற் கண்ட சோதனையொன்றை மாணவர் எவரும் செய்து பார்க்கலாம். வால்வின் சாய்ந்த முகத்தில் பென்சிலால் சுற்றிலும் குறுக்குக்கோடுகள் இட்டு, அதனை இருக்கையில் வைத்து அழுத்திச் சிறிது திருப்பி எடுக்க வேண்டும். எல்லாக் கோடுகளும் நடுவே அறுபட்டிருந்தால் வால்வு முழுவட்டத்திலும் அமர்கின்றது. ஒரு கோடு அறாதிருந்தாலும் அவ்விடத்தில் வாயு கசியும். எட்டில் ஐந்து முதலிலேயே தேறின. மூன்றை மறுபடியும் அரைக்க நேர்ந்தது.

பூட்டுதல் இரண்டே நாளில் முடிந்தது. ஒவ்வொரு பேரிங்கின் இடைவெளியும் மெழுகிழையை நடுவே வைத்து இறுக்கி, அது நசுங்கிய அகலத்தால் அளந்து பார்க்கப்பட்டது. ரிங்குகளின் வாய்கள் ஒரே கோட்டில் நில்லாமல் சுற்றிலும் பகிர்ந்து வைக்கப்பட்டன. டைமிங் பல்சக்கரங்களின் குறிகள் எதிரெதிர் சேர்ந்தன. ஆயில் பம்பின் அச்சே டிஸ்ட்ரிபியூட்டரையும் சுழற்றுவதாகலின், அதனை ஒரு பல் தவறி வைத்தாலும் பொறி தப்பிய வேளையில் விழும். மேஸ்திரி அதனை மட்டும் பிறர் கையில் விடாமற் தாமே வைத்தார். பொறிவிழும் முறை 1, 3, 4, 2. ஹெட்டின் நட்டுகளை நடுவினின்று தொடங்கி இருபுறமும் மாறிமாறி, மூன்று சுற்றில், 60 முதல் 70 அடி-பவுண்டு வரை இறுக்கினர். ஓரத்தினின்று தொடங்கினால் நடுவே கேஸ்கட் உப்பி நிற்கும்.

பிளக் இடாமலே கைப்பிடியால் எஞ்சினைச் சுற்றி, எண்ணெய் அழுத்தமானியின் முள் அசைவதைக் கண்ட பின்னரே பிளக்குகள் பூட்டப்பட்டன. உலர்ந்த பேரிங்கில் முதல் நொடி ஓடும் ஓட்டமே பல மாத ஓட்டத்தின் தேய்வைத் தரவல்லது. மூன்றாஞ் சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சற்று வெண்புகை, பூசிய எண்ணெய் எரியும் மணம், பின் ஒன்றுமில்லை. புதுக்கிய எஞ்சினை நெடுநேரம் வெறுமனே மெல்ல ஓடவிடுதல் நலம் என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. வாயுவின் அழுத்தம் இருந்தாலன்றி ரிங் சுவரோடு பொருந்தித் தேயாது. ஆதலின் சமவெளிச் சாலையில் மிதமாக விசையேற்றுவதும், விசையை விட்டு வண்டியைத் தானே தளரவிடுவதுமாக மாறிமாறி ஓட்டினர். தளரும்போது சிலிண்டரில் உண்டாகும் வெற்றிடம் எண்ணெயை மேலே இழுத்து ரிங்கை நனைக்கும். மலைச்சாலைக்கும் முழுப்பாரத்திற்கும் முதல் 300 மைல் தடை. காற்றுவடிக் கிண்ணத்தில் உரியவரே தம் கையால் எண்ணெய் ஊற்றினார்.

300 மைல் ஓடியபின் வண்டி திரும்ப வந்தது. எண்ணெயை இறக்கிப் புதியது விட்டனர். இறக்கிய எண்ணெயின் அடியில் நுண்ணிய இரும்புப்பொடி மினுங்கியது, அஃது எதிர்பார்த்ததே. நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் 100ஐ ஒட்டி, ஒன்றற்கொன்று 5 பவுண்டு வேற்றுமைக்குள் நின்றது. ஹெட்டின் நட்டுகள் சூட்டில் மீண்டும் இறுக்கப்பட்டன. எஞ்சின் ஆறியபின் டாப்பட் இடைவெளிகளை அளந்தபோது ஆறு வால்வுகளில் வைத்த 16 தௌ அப்படியே இருந்தது. அரைத்த இருக்கை படிந்தமையால் இரண்டில் 14 ஆகியிருந்தது. அவ்விரண்டையும் திருத்திவிட்டு மேஸ்திரி பக்கமூடியை மூடினார். மறுநாட் காலை வண்டி பாதிப் பாரத்தோடு சிறுமலையினின்று இறங்கியது.